ஐம்பது நாளைக்கு வரவேண்டிய உப்பு

"குறைக்கிறதுக்கு என்ன தாயி இருக்கு? மோருக்குக்கூட மேல உப்புத் தூவுறதில்ல. சிப்ஸு கிப்ஸு எதுவும் வீட்டுக்குள்ள வாங்குறதில்ல. எல்லாம் நம்ம வீட்டுச் சாப்பாடுதான்."

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் என் அம்மா மாதாமாதம் சொல்லும் பதில் இது. கையில் பட்டையைக் கட்டி மெஷின் பொத்தானை அழுத்தினால் ரத்தக்கொதிப்பின் மேல் அளவு 160க்குக் கீழே இறங்காது. மாத்திரையை அம்மா ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. சொன்னதிலும் பொய் கிடையாது, சிப்ஸ் பாக்கெட் எங்கள் வீட்டுக்குள் வருவதே இல்லை. பிறகு ஏன் அளவு இறங்கவில்லை? அந்தக் கேள்விதான் என்னை ஒரு தராசு வாங்க வைத்தது.

அம்மாவின் பதிலில் இருக்கும் நம்பிக்கை ஊருக்கே பொதுவானது. மதுரையில் செல்லூரில் கேட்டாலும் பழங்காநத்தத்தில் கேட்டாலும், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் போய்க் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மறைந்திருக்கும் உப்பு என்றால் கடைத் தீனி, நூடுல்ஸ், சிப்ஸ், சாஸ், பிஸ்கட். அவற்றை விட்டுவிட்டு, இலையில் உப்பு வைத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டால் உப்பைக் குறைத்தாயிற்று. டி.வி.யில் பேசும் டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களும் இதையே சொல்கின்றன. வீட்டுச் சாப்பாடு என்று சொல்லிவிட்டால் அதற்குப் பத்தியச் சாப்பாட்டின் மதிப்பு வந்துவிடுகிறது.

இந்த நம்பிக்கையை நான் மறுக்கிறேன். நம் உடம்பில் சேரும் சோடியத்தில் பெரும்பங்கு நம்முடைய சொந்த அடுப்படியிலிருந்துதான் வருகிறது. அதைப் பார்க்காத வரை பாக்கெட்டைத் திட்டித் திட்டி எந்த வீட்டிலும் ரத்தக்கொதிப்பு இறங்கப்போவதில்லை.

பாக்கெட்டுதான் எதிரி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே மூன்று ஊர்களில் 450 பேரை வைத்து எடுத்து 2017இல் வெளியான ஆய்வில், உடம்பில் சேரும் சோடியத்தில் பத்துக்கு ஏழு பங்கு ஆலையில் செய்த உணவிலிருந்தும் உணவகச் சாப்பாட்டிலிருந்தும் வருவதாகத் தெரிந்தது. சமைக்கும்போது போடுவதும் சாப்பிடும்போது தூவுவதும் இரண்டும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்குதான். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பதப்படுத்திய இறைச்சியும் தின்று, அடுப்பை அதிகம் பற்றவைக்காமல் வாழும் ஊருக்கு அது சரியான கணக்கு. நம்மைப் போல அன்றாடம் அடுப்பு மூட்டும் சீனாவில் எடுத்த கணக்கு நேர்தலைகீழ். அங்கே சோடியத்தில் நான்கில் மூன்று பங்கு வீட்டில் சமைக்கும்போது விழும் உப்பு. இந்தியாவின் நிலைமையும் சீனாவின் பக்கம்தான். ஆனால் நாம் கடன் வாங்கியது அமெரிக்க அறிவுரையை. நோய் ஒரு வீட்டில் இருக்க, மருந்தை அடுத்த வீட்டில் கொடுத்த கதை.

வீட்டுச் சாப்பாடு கெடுதல் செய்யாது என்பவர்கள் ஜப்பானை ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். 1950களில் அந்நாட்டின் வடக்கே, அகிதா பக்கத்துக் கிராமங்களில், ஒரு ஆள் நாளுக்கு 20 கிராமுக்கு மேல் உப்புச் சாப்பிட்டார். சிப்ஸ் கிடையாது, நூடுல்ஸ் பாக்கெட் கிடையாது. சோறு, உப்பில் ஊறிய காய், உப்புப் போட்ட மீன், மிசோ என்ற சோயாக் கூழில் செய்த சூப்பு. எல்லாம் அவரவர் வீட்டில், அவரவர் கையால் செய்தவை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தவர்கள் ஜப்பானிலேயே அந்த வடக்கு மாவட்டங்களில்தான் மிக அதிகம். உப்பில்லாத சோற்றை உப்பேறிய துணைகளால் உள்ளே தள்ளும் பழக்கம் அது. நம் வீட்டுப் பழக்கத்துக்கு அதைவிட நெருங்கிய உறவு வேறு இல்லை.

தராசுக்கு வருகிறேன். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்று, அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். வீட்டில் நான்கு பேர்: அம்மா, மனைவி, கல்லூரி போகும் மகன், நான். ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 2 கிராம் சோடியம். ஒரு தேக்கரண்டி தட்டையாக எடுத்தால் வரும் உப்பு அது. நான்கு பேருக்கு நாளுக்கு 20 கிராம். அந்தக் கணக்கில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 23 நாளில் தீர்ந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஏறத்தாழ 11 கிராம். மீன் அலசியது, கீரை கழுவியது என்று ஒரு கிராம் கழித்தாலும் 10. இதில் ஊறுகாய் சேரவில்லை, அப்பளம் சேரவில்லை, வெளியே குடித்த ரசமும் தின்ற வடையும் சேரவில்லை. சிப்ஸ் வாங்காத வீட்டின் கணக்கு இது.

எங்கள் வீடு அப்படியொன்றும் விதிவிலக்கு இல்லை. 2017-18இல் நாடு முழுவதும் எடுத்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பில் ஒரு ஆளின் சராசரி உப்பு நாளுக்கு 8 கிராம் என்று வந்தது. ஆண்களுக்கு 8.9, பெண்களுக்கு 7.1. உலகச் சராசரியோ 10.8. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதாகவும், அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் அவர்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை என்றும் 2020இல் நடந்த மாநில ஆய்வு சொன்னது. அதன் பிறகுதான், 2021 ஆகஸ்டில், மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் திட்டமே வந்தது. நல்ல திட்டம், என் அம்மா அதனால் பிழைத்திருக்கிறார். ஆனால் மாத்திரை ஒரு பக்கம் இறக்க, குழம்புச் சட்டி மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருந்தால் நடுவில் கிடந்து அல்லாடுவது ரத்தக்குழாய்தான்.

அந்த 10 கிராம் எங்கே ஒளிந்திருக்கிறது? ஒரே இடத்தில் இருந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும், "கரிக்குது" என்று தட்டைத் தள்ளிவிடுவோம். நம் சாப்பாட்டில் அது பத்து இடத்தில் பிரிந்து நிற்கிறது. காலையில் இட்லி. மாவு கரைக்கும்போதே கைப்பிடி உப்பு விழுந்துவிட்டது. தேங்காய்ச் சட்னியில் உப்பு, தக்காளிச் சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, மிளகாய்ப் பொடியில் உப்பு. மதுரையில் நாலு வகைச் சட்னி இல்லாமல் இட்லி வைத்தால் வைத்தவருக்கே மனசு ஒப்பாது. ஒவ்வொன்றையும் தனியாக நக்கிப் பார்த்து, அதனதன் அளவில் உப்புச் சரியா என்று பார்க்கிறோம். எல்லாம் சேர்ந்து வயிற்றுக்குள் போகும்போது எவ்வளவு என்று பார்க்க நமக்குப் பழக்கமே கிடையாது.

மதியத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் நுட்பமானது. நம் சோற்றில் உப்பு இல்லை. பெரும்பாலான தமிழ் வீடுகளில் உலையில் உப்புப் போடுவதில்லை. கேட்க நல்ல பழக்கமாகத் தோன்றும். ஆனால் சப்பென்றிருக்கும் அந்தச் சோறு முழுவதுக்கும் சேர்த்துத்தான் குழம்புக்கு உப்புப் போடுகிறோம். தனியாக ஒரு வாய் குடித்தால் வத்தக்குழம்பு தொண்டையைப் பிடிக்கும். சோற்றில் பிசைந்தால் சரியாகிவிடும். சோறு கூடக் கூடக் குழம்பும் கூடும். பிறகு ரசத்துக்கு ஒரு கை சோறு, மோருக்கு ஒரு கை சோறு, மோர்ச் சோற்றுக்கு ஊறுகாய். சோற்று மலை பெரிதாக இருக்கும் வீட்டில் உப்புக் குறைவதற்கு வழியே இல்லை. சர்க்கரை நோய்க்காகச் சோற்றைக் குறைக்கச் சொல்லும் டாக்டர்கள், உப்புக்காகவும் அதையே சொல்லலாம் என்று நினைக்கிறேன். காயும் கீரையும் கூடி, சோறு குறைந்தால் குழம்பு தானாகவே குறைகிறது.

ஊறுகாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உப்பையே முக்கியமான பதப்படுத்தும் பொருளாக வைத்துச் செய்யும் ஊறுகாயில் குறைந்தது 12 சதவீதம் உப்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அவ்வளவு இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படியானால் 15 கிராம் எடையுள்ள ஒரு துண்டு நார்த்தங்காயில் ஏறத்தாழ 1.8 கிராம் உப்பு. ஒரு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், மோர்ச் சோற்றின் ஓரத்தில், தொட்டுக்கொள்ளத்தானே என்று வைத்த ஒரு துண்டில் போய்விடுகிறது. மோர் மிளகாய், சுண்டைவத்தல், மிதுக்கவத்தல், கருவாடு எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

நாக்கில் உப்பாகவே தெரியாத சோடியமும் இருக்கிறது. பஜ்ஜி மாவிலும் போண்டாவிலும் விழும் ஆப்பசோடாவின் எடையில் கால்பங்குக்கு மேல் சோடியம். கொத்துப் பரோட்டாவில் தூவும் அஜினமோட்டோவில் எட்டில் ஒரு பங்கு. அனுப்பானடி, சிந்தாமணிப் பக்கம் வீட்டு வாசலெல்லாம் அப்பளம் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். உளுந்து மாவில் உப்பும் சேர்கிறது, அப்பளக்காரமும் சேர்கிறது. அந்தக் காரமும் சோடியம்தான். பொரித்ததும் எண்ணெய் வாசத்திலும் மொறுமொறுப்பிலும் உப்பு மறைந்துபோகிறது. அப்பளம் செய்து பிழைக்கும் பெண்களின் வயிற்றில் அடிக்க நான் இதை எழுதவில்லை. விசேஷ நாளில் பொரித்த அப்பளம் தினமும் இரண்டு என்று ஆனபோது அதன் கணக்கும் மாறிவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

ராத்திரிப் பரோட்டாவை விட்டுவிட்டு மதுரையின் உப்பைப் பேச முடியாது. மைதா பிசையும்போது ஒரு உப்பு. சால்னாவில் ஒரு உப்பு. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, "அண்ணே, இன்னும் ரெண்டு கரண்டி" என்று ஊற வைத்துச் சாப்பிடுகிறோம். வெங்காயப் பச்சடியில் உப்பு, ஆம்லெட்டில் உப்பு. அதே பரோட்டா கொத்தாக மாறும்போது கல்லில் முட்டைக்கு ஒருமுறை, வெங்காயத்துக்கு ஒருமுறை, சால்னா ஊற்றும்போது ஒருமுறை என்று ஒரே பண்டத்துக்கு நாலு தடவை உப்பு ஏறுகிறது. கொத்துகிறவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. உப்புக் குறைந்தால் அடுத்த நாள் அந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும்.

இனி, இந்தப் பேச்சை எடுத்தாலே எதிரே வரும் பதில்கள்.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்கிறார்கள். பணம்தான் மாறியிருக்கிறது. இளஞ்சிவப்பாக இருந்தாலும் மலையில் வெட்டினாலும் அதுவும் அநேகமாக முழுக்கச் சோடியம் குளோரைடுதான். தூத்துக்குடி அளத்தில் விளைந்ததற்கும் பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டியதற்கும் ரத்தக்குழாய் வித்தியாசம் பார்க்காது. அயோடின் கலக்காத உப்பை மனிதர் உணவுக்கென விற்கக்கூடாது என்று 2006இல் சட்டம் வந்ததே கழுத்துக் கழலைக்கும் பிள்ளைகளின் மந்தத்துக்கும் பயந்துதான். இந்துப்பு வாங்கும் வீடு அந்தக் காவலையும் இழக்கிறது. கல்லுப்பில் சோடியம் கம்மி என்பதும் கண்மயக்கு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டியில் எடை குறைவாக நிற்கும். எடைக்கு எடை இரண்டும் ஒன்று.

அடுத்தது வெயில். "மதுரை வெயிலுக்கு உப்பைக் குறைச்சா ஆளு விழுந்துருவான்" என்று என் மாமாவே சொன்னார். செங்கல் சூளையில் நிற்பவருக்கும், நெல் அறுப்பவருக்கும், மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குபவருக்கும் இந்த வாதத்தில் நியாயம் உண்டு. அவர்கள் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிப்பதை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் சூளையில் நிற்கிறார்கள்? கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், என்னைப் போலக் காற்றாடிக்குக் கீழே எழுதுபவர். உயிர் நடமாட உடம்புக்குத் தேவையான சோடியம் நாளுக்கு அரை கிராம்கூட இல்லை. வெயிலுக்குப் பழகிய உடம்பு வியர்வையில் உப்பை இறுக்கிப் பிடித்துத்தான் வெளியே விடும். சித்திரையில் நமக்குக் கூடுதலாக வேண்டியது தண்ணீர். அதைக் குடிக்காமல் உப்புக்கு வக்காலத்து வாங்குகிறோம்.

மூன்றாவது பதில் பயத்திலிருந்து வருவது, அதனால் அதை மரியாதையோடு பேச வேண்டும். "எங்க பெரியம்மாவுக்குச் சோடியம் குறைஞ்சு, ஆளு பேரு தெரியாமப் பேசி, ஐ.சி.யு.ல சேத்தோம். உப்பைக் குறைச்சதுதான் காரணம்." இப்படி ஒரு கதை இல்லாத தெரு மதுரையில் கிடையாது. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்குவது உண்மை, ஆபத்தும்கூட. ஆனால் ரத்தத்தில் சோடியத்தின் அளவு என்பது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, வாந்தி பேதி, இதயமோ சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்துபோவது, நுரையீரல் தொற்று, சில மனநல மாத்திரைகள் ஆகியவைதான் அதைப் பெரும்பாலும் இறக்குகின்றன. நாளுக்கு 10 கிராம் உப்புச் சாப்பிடுபவர் 6 கிராமுக்கு வந்ததால் அது நடப்பதில்லை. 6 கிராமே உடம்பின் தேவையைப் போலப் பல மடங்கு. ஆனாலும் நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் உப்பை அடியோடு நிறுத்திப் பத்தியம் பிடிக்க வேண்டாம். டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவில் நிற்கட்டும். நான் சொல்வது குறைப்பதைப் பற்றித்தான்.

நம் முன்னோர் சாப்பிடாத உப்பா என்பது இன்னொன்று. அழகர்மலைக் குகையில், 2000 ஆண்டுக்கு முந்தைய தமிழ்பிராமி எழுத்தில், சமண முனிவர்களுக்குக் கொடை கொடுத்தவர்களின் வரிசையில் ஒரு உப்பு வணிகர் இருக்கிறார். கடலிலிருந்து இவ்வளவு தூரம் வண்டி கட்டி வந்த உப்பு அவரைக் கொடை கொடுக்கும் அளவுக்கு உயர்த்தியது என்றால், அது எவ்வளவு அருமையான சரக்காக இருந்திருக்க வேண்டும். கிலோ இருபது முப்பது ரூபாய்க்குத் தெருமுனையில் கிடைக்கும் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் காலத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அவர்கள் கருவாடும் வத்தலும் போட்டது மழைக்காலத்துக்குக் காப்பாற்றி வைக்க. அன்றைக்கு உப்புதான் ஃபிரிட்ஜ். இன்றைக்கு ஃபிரிட்ஜும் வந்துவிட்டது, அந்த உப்பும் அப்படியே நிற்கிறது. போன தலைமுறையில் யாரும் ரத்தக்கொதிப்பை அளந்ததும் இல்லை. "நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, திடீர்னு வாதம் அடிச்சிருச்சு" என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்கிறது. அந்தத் தாத்தாவுக்கு என்ன அளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

உப்பைக் குறைத்தால் அப்படி என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு அளவோடு பதில் சொல்கிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் வெளியான கணக்கில், நாளுக்கு 4.4 கிராம் உப்பைக் குறைத்த ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 புள்ளி இறங்கியது. கேட்கச் சின்ன எண். ஒரு மாத்திரை இறக்கும் அளவில் பாதிக்கும் மேல் வரும் எண் அது, அதுவும் காசில்லாமல்.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். அடுப்படியில்தான் உப்பு இருக்கிறது என்று சொன்னவுடனே எல்லார் விரலும் சமைக்கும் பெண் பக்கம் திரும்புகிறது. அது அநியாயம். எங்கள் வீட்டு உப்பின் அளவை முடிவு செய்தது அம்மாவின் கை இல்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து "உப்பு பத்தல" என்று சொன்ன வாய்கள்தான் முடிவு செய்தன. என் அப்பா சொன்னார், பிறகு நான் சொன்னேன், இப்போது என் மகன் சொல்கிறான். ஒரு நாள் கரித்துவிட்டால் மன்னித்துவிடுவோம், ஒரு நாள் சப்பென்று இருந்துவிட்டால் முகம் கோணும். நாற்பது வருடம் அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு பெண்ணின் கை எந்தப் பக்கம் சாயும்? கூடுதலின் பக்கம்தான் சாயும். ருசி பார்க்காமலே கை அளவில் போடும் பக்குவம் என்று நாம் புகழ்வது, எங்கள் முகச்சுளிப்புக்குப் பயந்து அவர் பழகிக்கொண்ட அளவு. குறைத்தது என் அம்மா. அதற்கு முன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் நாங்கள்.

நாக்கு பழகும் என்பதற்கு அமெரிக்காவில் 1982லேயே சோதனை நடத்திக் காட்டிவிட்டார்கள். சில மாதம் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்குப் பழைய உப்பு அதிகமாகப் பட்டது. ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் சண்டைதான் வரும். பிரிட்டனில் 2000களில் ரொட்டியில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் இறக்கினார்கள். சில வருடங்களில் நாட்டின் சராசரியே 9.5 கிராமிலிருந்து 8.1க்கு இறங்கியது. நாங்களும் அப்படித்தான் செய்தோம். இட்லி மாவுக்குக் கைப்பிடிக்குப் பதில் தேக்கரண்டி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் தேக்கரண்டி குறைவு. சட்னிக்கு உப்பைக் கடைசியில், தாளிக்கும்போது. நாலு சட்னி இரண்டானது.

சமையல் குறிப்புகளில், உப்புக்குப் பதில் புளியைக் கூட்டுங்கள், காரத்தைக் கூட்டுங்கள் என்று எழுதுகிறார்கள். எழுதியவர் மதுரைக் குழம்பு வைத்திருக்கமாட்டார். புளி ஏறினால் அதற்கு ஈடாக உப்புக் கேட்கும், உப்பு ஏறினால் காரம் கேட்கும். மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். அம்மா முதல் வாரமே இதைச் சொல்லிவிட்டார்: "உப்பை மட்டும் கொறச்சா கொழம்பு புளிச்சுக் கெடக்கும்டா. புளியையும் சேத்துக் கொற." மூன்றையும் சேர்த்துத்தான் இறக்கினோம். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, கறிவேப்பிலை கூடின. எந்தப் புத்தகமும் சொல்லாத இந்த வழியை ஒரு சமையல்காரிதான் சொன்னார்.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைக்கிறது. சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரை வைத்து, பாதிக் கிராமங்களுக்கு மட்டும் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்து, முடிவை 2021இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2025இல் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் சோதிக்கத் தொடங்கியதோ இந்த உப்பை இல்லை, உப்பைக் குறைக்கச் சொல்லும் ஆலோசனையை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தப் பொட்டாசியம் உப்பு விஷம் போன்றது. ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே பொட்டாசியத்தை ஏற்றும். தங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமலே வாழ்பவர்கள் நம்மிடம் அதிகம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல், டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பை வாங்காதீர்கள்.

அரசின் பார்வையும் பாக்கெட்டோடு நின்றுவிடுகிறது. உறையில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவைத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்ற முன்மொழிவுக்கு 2024 ஜூலையில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. வரட்டும், வேண்டியதுதான். சாம்பார்ப் பொடியும் நூடுல்ஸும் வாங்குபவர்கள் உறையில் மில்லிகிராமில் போட்டிருக்கும் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் சால்னா அண்டாவுக்கு உறை கிடையாது. அரசின் கையிலேயே இருக்கும் அண்டாக்கள் எத்தனை! முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி இதே மதுரையில், சிம்மக்கல் பகுதி மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. இன்று மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த உப்புமாவையும் பொங்கலையும் சாம்பாரையும் சாப்பிட்டு வளர்கிறார்கள். ஆறு வயதில் பழகும் உப்புதான் அறுபது வயதிலும் நாக்கு கேட்கும் உப்பு. ரவைக்கும் பருப்புக்கும் காட்டும் கிராம் கண்டிப்பை அங்கே உப்புக்கும் காட்ட வேண்டும். அளக்கும் கரண்டி ஒன்று ஒவ்வொரு சமையல்கூடத்திலும் தொங்க வேண்டும். அந்தக் கரண்டியைச் சமைக்கும் அக்காக்களிடம் கொடுக்கும்போது, ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரோட்டாக் கடைகளையும் வண்டிக் கடைகளையும் இப்படி ஒவ்வொன்றாகப் பிடிப்பது கடினம். அவர்கள் சங்கம் கூடி ஒரே நாளில் எல்லாக் கடையிலும் கொஞ்சம் குறைத்தால் யாருக்கும் வாடிக்கை போகாது.

எங்கள் வீட்டில் இது பதினோராவது மாதம். அலமாரியில் இப்போது இருக்கும் பாக்கெட்டில் அம்மாவே தேதி எழுதினார், ஆடி வெள்ளி என்று. போன பாக்கெட் 36 நாள் வந்தது. ஆளுக்கு 7 கிராமுக்குப் பக்கம். 50 நாளுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. மெஷின் போன மாதம் 146 காட்டியது. மாத்திரை அதேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பெண் குறித்துக்கொண்டு, "என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார். அம்மா எழுந்துபோய் உப்பு ஜாடியைத் திறந்து, உள்ளே கிடந்த தேக்கரண்டியை எடுத்துக் காட்டினார். நார்த்தங்காய் ஜாடி பக்கத்திலேயே இருந்தது. அதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.